அப்பா கட்டாத கயிறு

என் அம்மா கடவுளிடம் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்கு முன்னால் சாக வேண்டும், கழுத்தில் தாலியோடு சாக வேண்டும். சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலை முடிந்ததும் எனக்காக, தம்பிக்காக, எதிர்வீட்டுக்காரியின் கண் ஆபரேஷனுக்காக, மழைக்காக என்று எல்லோருக்கும் எல்லாமும் வேண்டிவிட்டு, கடைசியில் குரலை இறக்கி, "சர்வேசுரா, என்னை அவருக்கு முன்னாடி கூப்டுக்க. கயிறோட கூப்டுக்க" என்பாள். விழுப்புரத்தில் ரயில்வே லைனை ஒட்டிய எங்கள் வீட்டில் எவ்வளவு இறக்கிப் பேசினாலும் எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் கேட்கும். அவர் ஒரு தடவை செருமுவார், அவ்வளவுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுஷனுக்கா இந்த வேண்டுதல்?

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கிளியனூர் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில் அவளுடைய அப்பா செத்தபோது அவள் சிறுமி. பங்குச் சாமியார் வந்து மந்திரித்து, கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு, வீட்டில் காபி குடித்துவிட்டுப் போன பிறகு, பெண்கள் அவளுடைய அம்மாவைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார்களாம். வளையலைக் கல்லில் வைத்து நசுக்கினார்கள். தாலியை அறுத்துப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். கிறிஸ்துவ வேதத்தில் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் எங்கள் ஜனம் இந்த ஒரு வேலையை மட்டும் விடவில்லை. அதற்குப் பிறகு அவளுடைய அம்மாவை எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில் யாரும் உட்காரவிடவில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள் வேறு எதைக் கேட்பாள்?

அப்பா ரயில்வேயில் கேங்மேன். குடிக்க மாட்டார். குடித்துவிட்டு அடிக்கிற அப்பன் என்றால் போதையில் அடித்தான் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். எங்களுக்கு அந்த வசதியும் இல்லை. தெளிவாக, நிதானமாக, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடிப்பார். கோயில் பக்கம் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வருவார், அதுவும் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும்தான்.

அம்மா முதல் மணிக்கே எழுந்து கோயிலுக்குப் போய், பீடத்துக்குப் பூ வைத்து, பூசை பார்த்து, அவர் கண் விழிப்பதற்குள் திரும்பி வந்து அடுப்பில் காபி வைத்திருப்பாள். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்து வெள்ளிக்கிழமையில் அவளுக்குக் கஞ்சிதான். அவருக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வேண்டும். ருசி பார்க்காமலே ஆக்குவாள். உப்பு குறைந்தால் தட்டு தெருவுக்குப் பறக்கும். அவள் போய் எடுத்துவந்து கழுவுவாள். திட்ட மாட்டாள், அழ மாட்டாள், ஏன் என்று அவரிடம் கேட்கவும் மாட்டாள். நான் கேட்பேன். எனக்கும் நாலு விழும்.

தாலி விஷயத்தில் மட்டும் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சின்னத் தாலி, புறா உருவம் பொறித்தது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குண்டு. சங்கிலி என் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் மஞ்சள் கயிற்றில்தான் கோத்திருந்தாள். கயிறு நைந்துபோனால் மாற்ற வேண்டுமே, அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் வெறும் புதுக்கயிறு ஒன்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். அதன் பிறகுதான் பழைய கயிற்றைக் கழற்றித் தாலியைப் புதியதில் கோப்பாள். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருந்துவிடக் கூடாது. குளிக்கும்போதும், என்னைப் பெறும்போதும், கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நர்ஸ் சண்டை போட்டபோதும் அது கழுத்தைவிட்டு இறங்கவில்லை.

அதை இறக்கியவன் என் தம்பி.

தம்பி திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நிற்கும், மறுபடி வரும். யாரோ அவனை ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே கைதட்டி, அழுது, பாடினதில் அவனுக்கு மனசு லேசாகிவிட்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை. பிள்ளை நுரை தள்ளிக்கொண்டு கிடப்பதைப் பார்க்கிற அப்பன் எங்கே வேண்டுமானாலும் போவான். ஆனால் அந்தச் சபையில் நகை கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது, தாலியும் கூடாது. தம்பி பெண்டாட்டி வெறுங்கழுத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா சமையலறைக்குள் போய்ப் புடவையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பாஸ்டர் ஒருநாள், "உங்க குடும்பத்துல யாரோ மாதா சொரூபத்துக்கு முன்னாடி முழங்கால் போடுறாங்க, கட்டு அங்கதான் இருக்குது" என்று சொல்லிவிட்டார். முழங்கால் தேய்ந்த ஆளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு தம்பி எங்கே போய்த் தேடப்போகிறான்? அடுத்த பஸ்ஸிலேயே விழுப்புரம் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அம்மா, நீ ஒருத்தி முழுக்கு எடுத்துட்டா போதும்மா. பாப்பாவுக்கு வுட்டுப்பூடும்."

"நான் கைக்கொழந்தையிலேயே ஞானஸ்நானம் வாங்கினவடா."

"அது தண்ணி தெளிக்கிறதும்மா. முழுகணும். இந்தக் கயிறு, ஜெபமாலை எல்லாத்தியும் வுட்டுட்டு வரணும்."

"கயிறயா?" என்று கேட்டவள் கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டாள். "உங்கப்பா இருக்கிறாருடா."

அப்போது அவள் போகவில்லை. கொஞ்ச நாளில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், பஸ் ரிவர்ஸ் எடுக்கிற இடத்தில், பேத்திக்கு வலிப்பு வந்துவிட்டது. டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். அம்மா அன்றைக்கு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாள் அப்பாவிடம், "பேத்திய பார்த்துட்டு வர்றேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

நான் சத்துணவு அமைப்பாளர், குடித்தனம் அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில். மதியம் பிள்ளைகளுக்கு முட்டை போட்டு முடித்துவிட்டு அப்பாவுக்குச் சோறு வைக்க அம்மா வீட்டுக்கு வந்து போனை எடுத்தால், எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப்பில் தம்பி ஒரு வீடியோ போட்டிருந்தான். கரும்புத் தோட்டத்தில் பம்புசெட் தொட்டி. வெள்ளைப் புடவையில் அம்மா. பாஸ்டர் அவள் கழுத்தைக் காட்டி ஏதோ சொல்கிறார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். தம்பி பெண்டாட்டி பக்கத்தில் வந்து காதில் எதையோ சொல்கிறாள், பிறகு கயிற்றைத் தலைவழியாக எடுத்துவிடுகிறாள். அம்மாவின் கை கழுத்துக்குப் போகிறது. தண்ணீருக்குள் அமுக்கும்போதும் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. அவள் இருமிக்கொண்டு மேலே வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் தம்பிக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். அப்பா வந்து போனை என் கையிலிருந்து வாங்கினார். வீடியோவைப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். போனைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து முகம் வழிக்க உட்கார்ந்தார்.

அம்மாவை பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்தான் அழைத்துவந்தேன். தாலியைக் காணிக்கைப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறான் தம்பி. வாழ்நாளில் முதல்முறையாக மகனிடம் முடியாது என்று சொல்லி, அதை முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தாள். ஆட்டோவில் என்னிடம், "கோவத்துல ரெண்டு அறை அறைவாரு. அப்புறம் கட்டிடுவாரு" என்றாள். அடி வாங்கத் தயாராக, மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றி என் பையில் போட்டுவிட்டாள்.

அப்பா அடிக்கவில்லை. வாசலில் நின்று அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"யாருங்க நீங்க? இன்னா வேணுங்க?"

"நாந்தாங்க."

"எம் பொண்டாட்டி கழுத்துல தாலி இருக்கும். நீங்க யாரோ. உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்கம்மா."

அன்றைக்குப் பிறகு அவர் அவளை அடித்ததே இல்லை. அவள்மேல் கை படவே இல்லை. அதுவரைக்கும் வாடி போடிதான். அதற்குப் பிறகு கடைசிவரைக்கும் வாங்க, போங்க. அவள் ஆக்கிய சோற்றையும் தொடவில்லை. "தாலியில்லாத பொம்பள கையில நான் துன்றதில்லீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் எதிரே இருக்கும் மெஸ்ஸுக்குப் போவார். அவள் ஆக்குவதை நிறுத்தவில்லை. நேரத்துக்குத் தட்டு வைப்பாள், சோறு காயும், தெரு நாய்க்குப் போகும். எங்கள் தெருவில் அந்த நாய் மட்டும் மினுமினுப்பாகத் திரிந்தது.

அந்த வாரமே அம்மா கோயிலுக்குப் போய், நடந்ததைச் சாமியாரிடம் பாவமாகச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சாமியார் சின்ன வயசு. பேத்திக்காகச் செய்தது என்று கேட்டதும், "விடுங்கம்மா, கடவுளுக்குத் தெரியாதா? ஐயாவை மறுபடியும் கட்டச் சொல்லுங்க, நான் மந்திரிச்சுத் தர்றேன்" என்று அனுப்பினார். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். சர்வேசுரன் ஒரு நொடியில் மன்னித்துவிட்டார். கேங்மேன்தான் பாக்கி.

சாமியார் வீட்டுக்கே வந்து பேசினார். அப்பா நாற்காலி போட்டு, கலர் வாங்கி வரச் சொல்லி, மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"மன்னிக்கிறது உங்க உத்தியோகம் சாமி. நான் தண்டவாளத்துல போல்ட்டு முடுக்கினவன்."

"பெரிய மனசு பண்ணுங்க ஐயா. வயசான காலத்துல அம்மா மனசு கஷ்டப்படக் கூடாது."

"பார்க்கலாம் சாமி" என்றார் அப்பா.

இந்தப் பார்க்கலாம்தான் அவளைக் கொன்றது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அழுது தீர்த்துவிட்டு ஆக வேண்டியதைப் பார்த்திருப்பாள். அவர் ஒருநாளும் முடியாது என்று சொல்லவில்லை. காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் தாலியை வைப்பாள். அவர் கடை டீயைக் குடித்துவிட்டு வந்து, ஒரு விரலால் அதைத் தள்ளிவிட்டுத் தீப்பெட்டியை எடுத்துக்கொள்வார். கிறிஸ்துமஸுக்குக் கேட்பாள், ஈஸ்டருக்குக் கேட்பாள், கல்யாண நாளுக்குக் கேட்பாள்.

"ஏங்க, இன்னிக்காவது."

"பார்க்கலாங்க."

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இங்க குடு, நானே கட்டி உடுறேன். கயிறு மாத்தும்போது நீயேதான போட்டுக்குவ" என்று பிடுங்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "அப்பல்லாம் அவரு கட்டினது கழுத்துலயே இருந்துச்சு. இப்ப நீ கட்டினா அது வெறும் கயிறு. அவரு கட்டணும்" என்றாள். இந்தச் சட்டத்தை யார் எழுதினார்கள் என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

பேத்திக்கு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், வலிப்பு நின்றது. தம்பி சபையில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னான். எதனால் நின்றது என்று நான் அவனோடு வாதாடிப் பேஜார் ஆனதுதான் மிச்சம். அம்மாவுக்கு அந்த வாதமெல்லாம் வேண்டாம். "பாப்பா நல்லாயிட்டா இல்ல" என்பாள். தொட்டியில் முழுகியதற்கு வருத்தப்பட்டு அவள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் புடவையைக் கழுத்துவரைக்கும் ஏற்றி மூடிக்கொண்டு, பூசையில் கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார ஆரம்பித்தாள். யாருக்காவது கல்யாண நிச்சயம், வளைகாப்பு என்றால் போகமாட்டாள். பயந்த இடத்தில் அவளே போய் உட்கார்ந்துகொண்டாள், புருஷன் உயிரோடு இருக்கும்போதே.

அவளுடைய ஜெபமும் சிக்கலாகிவிட்டது. அவருக்கு முன்னால் கூப்பிட்டுக்கொள் என்று கேட்டால், இப்படியே வெறுங்கழுத்தோடு போக வேண்டும். பின்னால் கூப்பிடு என்றால் அவர் சாக வேண்டும், அதை அவள் நாக்கு சொல்லாது. அதனால், "கொஞ்சம் பொறு சர்வேசுரா, அவரு கட்டிடட்டும்" என்று மட்டும் கேட்டாள். வாசலில் அவர் செருமுவது கேட்கும்.

இப்படியே சில வருஷம் ஓடியது. போன மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. இதயம் பெரிதாகிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அவளால் இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. தாலி உள்ளங்கையில் இருந்தது. நர்ஸ் ஊசி போடக் கையை விரிக்கச் சொன்னால் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்வாள்.

அப்பாவை ஆட்டோ வைத்து இழுத்து வந்தேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கட்டிலருகே நின்றார். அம்மா கையை நீட்டி விரித்தாள். அந்த வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரி, "கட்டிவுடுங்க தாத்தா, பாவம்" என்றாள். அப்பா அதை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கடையில் வாங்கப்போகிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஊட்டுக்கு வாங்க, பார்க்கலாம்."

நான் அவரை அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன். அம்மா சிரித்தாள். அவர் போன பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு, "வாங்கிக்கினாரு பார்த்தியா. ஊட்டுக்குப் போனதும் கட்டிடுவாரு" என்றாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மறுநாள் மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தாள், ஆம்புலன்ஸில், துணி போர்த்தி.

குளிப்பாட்டின பெண்களுக்குள் தகராறு. "ஆம்பள கல்லு மாதிரி உக்காந்திருக்கிறாரு, இவ கழுத்து மூளியா கெடக்குது. பூ வைக்கிறதா வேணாவா? கல்யாணப் பொடவைய கட்டுறதா, வெள்ளையா?" என்று எதிர்வீட்டுக்காரி என்னைக் கேட்டாள். தம்பி அவனுடைய சபை ஆட்களோடு வாசலில் பைபிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதெல்லாம் எதுக்குக்கா, அம்மா ரட்சிக்கப்பட்டவ என்றான். வாயை மூடு என்றேன்.

அப்பா எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து தாலியை எடுத்தார். பழைய கயிறு இல்லை, புதுக்கயிறு, மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. எப்போது வாங்கினாரோ, எப்போது கோத்தாரோ. அம்மாவின் தலையை எதிர்வீட்டுக்காரி தூக்கிப் பிடிக்க, கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். பெண்கள் ஓவென்று அழுதார்கள். கொடுத்து வச்சவ, தாலியோட போறா, இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்றார்கள். வந்திருந்த சாமியார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூ வந்தது, பொட்டு வந்தது, கல்யாணப் புடவை வந்தது.

அவள் ஆயுசு முழுக்கக் கேட்டது இதுதான். அவருக்கு முன்னால், கழுத்தில் தாலியோடு. ஊரும் அப்படித்தான் சொல்கிறது. நான் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டேன்.

"அவ கேட்டப்பல்லாம் இந்தக் கை எங்கப்பா போச்சு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இவ எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. அடிச்சாலும் மாதாகிட்டதான் சொல்லுவா, பசிச்சாலும் மாதாகிட்டதான் சொல்லுவா. நான் ஒருத்தன் ஊட்டுல இருக்கிறனே. இந்தக் கயிறு கழண்டப்புறம்தான் என் மூஞ்சிய பார்த்தா. காலையில எழுந்தா மொதல்ல என் மூஞ்சிதான். கட்டியிருந்தா மறுபடியும் அங்கியே போயிருப்பா."

பெட்டியை மூடுவதற்கு ஆள் வந்து நின்றான். நான் குனிந்து அம்மாவின் கழுத்தைப் பார்த்தேன். மூன்று முடிச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக, பிசகில்லாமல் விழுந்திருந்தன. அதைப் போட அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.